படைப்பிரிவின் வழி: கொடிவழியா, கால்வழியா?

கடலூர் முதுநகரிலிருந்து:

அன்புடையீர், 1783-ஆம் ஆண்டுக் கடலூர் முற்றுகை பற்றிய மாணவர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல் இன்னும் கைக்கு அகப்படவில்லை. ஒரு ரெஜிமென்ட், அதாவது தனிப் பெயரும் கொடியும் உடைய படைப்பிரிவு, எதிலிருந்து வந்தது, பின்னால் என்னவாயிற்று என்று காட்டும் தொடர்ச்சியை 'லீனியேஜ்' என்கிறார்கள். 'வரலாறு' என்று போட்டால் பொருள் நழுவிவிடும். இது படைத்துறை ஒப்புக்கொண்ட வாரிசுரிமை. எந்தப் போரின் விருதை யார் தம் கொடியில் பொறிக்கலாம் என்பதும் இதை வைத்துத்தான்.

73 என்ற எண்ணையே பாருங்கள். 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுக்காரரைத் தாக்கிய பிரிட்டிஷாரின் 73-ஆம் ஹைலேண்டர் படை 1786-இல் 71 ஆனது. அதைவிடக் குறைந்த எண்ணுள்ள சில படைகள் கலைக்கப்பட்டிருந்தன. அதே ஆண்டு 42-ஆம் படையின் இரண்டாம் பட்டாலியன் (ரெஜிமென்ட்டின் உட்பிரிவு) தனிப்படையாகி 73 என்ற எண்ணைப் பெற்றது. 1903-இல் மதராஸ் படைகளின் எண்ணோடு 60 கூட்டினார்கள். 13 என்று இருந்தது 73-ஆம் கர்நாடிக் காலாட்படை ஆயிற்று. மூன்றுக்கும் உறவே கிடையாது. எண்ணை மட்டும் வைத்துத் தேடுகிற மாணவர் மூன்றையும் ஒன்றாக்கிவிடுவார். 'படைவழி' போதுமா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

ஐயா, 'படைவழி' வேண்டாம். 'அஞ்சல்வழி' என்று எழுதிப் பழகிய காலத்தில் 'படைவழி' என்றால் 'படையைக் கொண்டு' என்றே படிப்பார்கள். வழி என்பது இங்கே 'மூலம்' என்பதுபோல ஒரு சொல்லுருபாகிவிடும். குறள் 762-இல் 'தொல்படை' இருக்கிறது; அதற்குப் பரிமேலழகர் முன்னோர் தொட்டு வரும் மூலப்படை என்றே பொருள் கொள்கிறார். ஆனால் அது படையின் வகை. நமக்கு வேண்டியது தொடர்ச்சியின் பெயர்.

'கொடிவழி' என்பதே என் முடிவு. வம்சவரிசைக்குப் பழைய சொல். ரெஜிமென்ட்டுக்குக் கொடிதான் உயிர், போர்களின் பெயர்கள் அதில்தான் ஏறுகின்றன. 'விருது' என்ற சொல்லுக்கே கொடி என்ற பொருளும் உண்டு.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

ஐயா, கொடி கிளைக்கும். இரண்டு கொடி கூடி ஒன்றாகாது. படைகள் ஒன்றாகின்றன. முதல் மடலில் வந்த அதே 71, 1881-இல் 74-உடன் சேர்ந்து ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி ஆனது. 1959-இல் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸுடன் மீண்டும் இணைப்பு. இங்கே வழி குறுகுகிறது. வம்சத்துக்கு இன்னொரு சொல்லான 'கால்வழி' என்றால் வாய்க்கால் கூடுவதுபோல் இரண்டையும் தாங்கும்.

இந்தப் பக்கத்தையும் மறக்காதீர்கள். கடலூரில் பிரெஞ்சுத் தரப்பில் நின்ற ஒஸ்த்ராசி ரெஜிமென்ட் 1791-இல் பெயரை இழந்து 8-ஆம் காலாட்படை ஆனது. பெயர் எண்ணாக மாறியது, படை மாறவில்லை.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

அம்மா, கால்வழி அகராதியில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'காலாட்படையின் கால்வழி' என்று எழுதிப் பாருங்கள், வாய் இடறுகிறது. அதோடு, 'ரெஜிமென்ட்' எதற்கு? 'பட்டாளம்' நம் சொல், படை + ஆள் + அம்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

அந்தப் பிரிப்பை ஏற்க முடியாது, ஐயா. 'படையாள்' என்பது 'பட்டாள்' ஆக எந்தப் புணர்ச்சி விதியும் இடம் தராது. அது பட்டாலியன் என்ற ஐரோப்பியச் சொல்லின் திரிபு. இன்றைய பிரெஞ்சு உச்சரிப்பில் அது 'பத்தாயோன்'. அந்த ஒலியிலிருந்து ளகரம் வராது. எனவே போர்த்துகீசியமோ ஆங்கிலமோ வழியாக வந்திருக்கலாம். மேலும், பட்டாலியன் வேறு, ரெஜிமென்ட் வேறு. 1922-க்குப் பிறகு ஒரு ரெஜிமென்ட்டுக்குள் பல பட்டாலியன்கள். 73-ஆம் கர்நாடிக், 3-ஆம் மதராஸ் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன் ஆனது. இரண்டையும் பட்டாளம் என்றால் அட்டவணை உடைந்துபோகும்.

கடலூர் முதுநகரிலிருந்து:

ரெஜிமென்ட் அப்படியே இருக்கட்டும். எனக்கு இப்போது அவசரம் படைக்கு நேரும் மாற்றங்களைக் குறிக்கும் சொற்கள்தான். நான்கு வைத்திருக்கிறேன்: எண்மாற்றம், இணைப்பு, கலைப்பு, மீள்திரட்டல். மாணவர் செய்யவேண்டியது: ஒவ்வொரு படைக்கும் எண், பட்டப்பெயர், ஆண்டு மூன்றையும் சேர்த்தே எழுதுவது, பிற்காலத்திலிருந்து பின்னோக்கிப் போவது, மதராஸ் படையென்றால் 1922, 1903, 1824, 1796 ஆகிய ஆண்டுகளில் நின்று எண் மாறியதா என்று பார்ப்பது. பிழை பெரும்பாலும் 1796-க்கும் 1824-க்கும் இடையில்தான். அப்போது ஒரு ரெஜிமென்ட்டுக்கு இரண்டு பட்டாலியன். 1824-இல் அவை பிரிந்து தனித்தனி எண் பெற்றன. 1820-இன் ஆவணத்தில் காணும் எண்ணை 1830-இன் எண் என்று கொள்ளக்கூடாது.

3-ஆம் மதராஸில் ஒரு சிக்கல். 1928-க்குள் கலைத்தார்கள், இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் ரெஜிமென்ட்டை மீண்டும் திரட்டினார்கள். இடையில் ஆளில்லை. கொடிவழி தொடர்கிறதா?

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

தொடர்கிறது, ஏனென்றால் படைத்துறை அப்படி ஏற்றுக்கொண்டது. ஆகவேதான் இரத்த உறவைக் குறிக்கும் சொல் எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. 'மரபுத்தொடர்' என்றே நான் எழுதுவேன். இடைவெளியைப் புள்ளிக்கோட்டால் காட்டுங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து:

மடல் எழுதியவர்களில் பெரும்பாலோர் கொடிவழி என்கிறார்கள். தலைப்பில் அதையே வைக்கிறேன். முதலில் வருமிடத்தில் 'ஒரு படைப்பிரிவின் வாரிசுத் தொடர்ச்சி' என்று விளக்கம். அம்மாவின் புள்ளிக்கோடும் சேர்கிறது. முற்றுகையில் இருந்த 101-ஆம் படை போருக்குப் பின் கலைக்கப்பட்டது. 1862-இல் அந்த எண் ராயல் பெங்கால் ஃபியூசிலியர்ஸுக்குப் போனது, உறவு இல்லை. இடையில் கோடு இழுக்கவில்லை. 'கொடிவழி முடிந்தது' என்று போட்டிருக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

'முடிந்தது' அல்ல ஐயா, 'அற்றது'. கொடி அறும்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

அதற்கு உடன்படுகிறேன். கொடிவழிக்கு இன்னும் இல்லை.