இணையப் போர் ஆய்வு: மறைத்து நடப்பதற்குச் சான்றை எங்கே தேடுவது?

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

வணக்கம். அனைத்துலக உறவுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வின் முதலாம் ஆண்டில் இருக்கிறேன். அரசுகள் நடத்தும் இணையத் தாக்குதல்களைப் போர் என்று அழைப்பது எவ்வளவு பொருந்தும் என்பதே என் தலைப்பு. இணையப் போர் வருகிறது என்று 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அர்க்கில்லாவும் ரோன்ஃபெல்ட்டும் எழுதினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் ரிட் என்ற ஆய்வாளர் அதை மறுத்து, நடப்பவையெல்லாம் வேவு, நாசவேலை, ஆட்சிக்கு எதிரான தூண்டல் என்ற பழைய வகைகளிலேயே அடங்கிவிடும் என்றார். முன்மொழிவைப் படித்த என் மேற்பார்வையாளர், "தாக்கியவர் ஒப்புக்கொள்வதில்லை, தாக்கப்பட்டவர் வாய் திறப்பதில்லை, செய்தித்தாளைத் தவிர உன் கையில் என்ன சான்று இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பழகியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

பொறியாளர், பாயான் லெப்பாஸ்

நான் ஆய்வாளன் அல்லன். பினாங்கில் இருபது ஆண்டுகளாகத் தொழிற்சாலைகளில் பிஎல்சி, அதாவது இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி, பராமரிப்பவன். ஆனால் உங்கள் மேற்பார்வையாளரின் கேள்விக்கு ஸ்டக்ஸ்நெட் என்ற நாசகார நிரல் நல்ல பதில் என்று உறுதியாகச் சொல்வேன். 2010இல் அது வெளிப்பட்டபோது எந்த அரசும் பொறுப்பேற்கவில்லை, நிரலே பேசியது. சீமென்ஸ் எஸ்7 பிஎல்சி கருவிகளுக்குள் நுழைந்த அந்த நிரல், ஈரானிலும் பின்லாந்திலும் உள்ள இரண்டு குறிப்பிட்ட நிறுவனங்களின் அதிர்வெண் மாற்றிகள் (மோட்டாரின் வேகத்தை மாற்றுபவை) இணைக்கப்பட்டுள்ளனவா, அவை 807 முதல் 1,210 ஹெர்ட்ஸ் வரை ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கியது. பின்பு வேகத்தை 1,410க்கு ஏற்றி, 2க்கு இறக்கி, 1,064க்குக் கொண்டுவந்தது. நான் கையாளும் கன்வேயர் மோட்டார்கள் 50 ஹெர்ட்ஸில் ஓடுபவை. ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு அருகில் தொடர்ந்து சுழல்வது யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கி போன்ற மிகச் சில இயந்திரங்கள்தாம். ஆக, இலக்கு எது என்பதை எவர் வாக்குமூலமும் இல்லாமல் ஓர் எண்ணிலிருந்தே நெருங்கிவிடலாம். அதன்பின் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆய்வறிக்கைகளோடு ஒப்பிடுங்கள். 2009 இறுதியை ஒட்டிய மாதங்களில் ஈரானின் நதான்ஸ் செறிவூட்டல் ஆலையில் சுமார் ஆயிரம் மையவிலக்கிகள் பயன்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது அவற்றிலிருந்து தெரிய வந்தது.

சட்ட விரிவுரையாளர், கோலாலம்பூர்

பொறியாளர் ஐயா சொன்னது எது தாக்கப்பட்டது என்பதற்குச் சான்று. அது போரா என்பதற்கு, தங்கையே, நீதிமன்றப் பதிவுகளைப் பாருங்கள். 2017 ஜூனில் உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற நாசகார நிரல், மெர்க் மருந்து நிறுவனத்தின் பல்லாயிரம் கணினிகளை முடக்கியது. காப்பீட்டாளர்கள், போர்ச் செயல்களுக்கு இழப்பீடு இல்லை என்ற விதியைக் காட்டி மறுத்தார்கள். இங்கே போர் என்ற ஒரு சொல்லின் விலை சுமார் 140 கோடி டாலர் என்பதால், இரு தரப்பும் அதை வரிக்கு வரி வாதிட்டன. அந்த விதி இதற்குப் பொருந்தாது என்று 2023இல் நியூஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருத்தரங்குகளில் கிடைக்காத கூர்மை அந்த ஆவணங்களில் இருக்கிறது.

நம் நாட்டைப் பற்றியும் எழுத எண்ணினால், 1972ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தை முதலில் படியுங்கள். ஓர் ஆவணம் ரகசியமானது என்று சான்றிதழ் தரப்பட்டால் அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது; பெற்றுக்கொள்வதே குற்றமாகலாம். பல ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த ஒரு நேர்காணல் முடிந்ததும், எதிரே இருந்தவர் உதவும் எண்ணத்துடன் ஒரு கோப்பை என் பக்கம் நகர்த்தினார். மேல் மூலையில் 'சுலிட்' (மலாயில் ரகசியம்) என்ற சிவப்பு முத்திரை தெரிந்தது. தொடாமல் எழுந்து வந்தேன். அவரையும் காக்க வேண்டியது என் கடமை அல்லவா?

ஆய்வு மாணவி, கோலாலம்பூர்

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. யார் செய்தார் என்பதிலிருந்து தொடங்கியதே என் தவறு என்று இப்போது புரிகிறது. ஸ்டக்ஸ்நெட்டையும் மெர்க் வழக்கையும் அடுத்தடுத்த இயல்களாக வைத்து முன்மொழிவைத் திருத்துகிறேன். ஐயா, நான் பிஎல்சியை நேரில் பார்த்ததே இல்லை. பார்க்காமல் அந்த இயலை எழுதலாமா?

பொறியாளர், பாயான் லெப்பாஸ்

எழுதாதீர்கள். சேவையிலிருந்து எடுத்த பழைய எஸ்7-300 ஒன்று என் வீட்டு மேசையில் இருக்கிறது. பினாங்குக்கு வரும்போது சொல்லுங்கள், மகளே. ஒரு சிறு மோட்டாரை இணைத்து, அதிர்வெண்ணை மாற்றினால் அதன் ஓசை எப்படி மாறுகிறது என்று காட்டுகிறேன்.