சர்க்கரை நோய்த் தேடல்: ஒரு கோணக்குறியா, இரண்டா?

வினவல்காரன்:
நோயாளிப் பதிவுல ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண் தர்ற குறியீட்டுத் தொகுப்புதான் ஸ்னோமெட். "ஸ்னோமெட் எல்லாம் வெட்டிவேலை, 'டயாபடீஸ்'னு எழுத்துத் தேடல் போட்டாலே நோயாளிகள் வந்துடுவாங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். வருவாங்க. டயாபடீஸ் இன்சிபிடஸ் (பேர்லதான் டயாபடீஸ், சர்க்கரை நோய் இல்லை) இருக்கிறவரும் வருவார், அப்பாவுக்கு டயாபடீஸ்னு குறிப்பில் இருக்கிறவரும் வருவார். குறிப்பில் வகை 2 சர்க்கரை நோயைச் சுருக்கி 'டி2டிஎம்'னு மட்டும் இருக்கிறவர் வரவே மாட்டார். ஸ்னோமெட் சிடியில் சர்க்கரை நோயோட குறியீடான 73211009-க்கு முன்னால் கோணக்குறி (<) போட்டு, அதுக்குக் கீழே இருக்கும் எல்லா கான்செப்டையும் (குறியீடுள்ள நோய்வகைகள்) விரிச்சுத் தேடுங்க. முடிஞ்சது.

கிளைமுனை:
எத்தனை கோணக்குறி? ஒன்று போட்டால் கீழே உள்ளவை மட்டும்தான். 73211009 விடுபட்டுப்போகும். இரண்டு (<<) போட்டால்தான் அதுவும் சேரும். வகை தெரியாதபோது டாக்டர்கள் அந்தத் தாய்க் குறியீட்டைத்தான் பதிவார்கள்.

வினவல்காரன்:
அது வெறும் தலைப்பு சார். வகை 1 46635009, வகை 2 44054006. ஆய்வுக்கு இவைதான் வேணும்.

கிளைமுனை:
பதிவில் இருந்தால் அது தலைப்பு இல்லை, ஒரு நோயாளி. நோயாளித் தரவை ஒரே வடிவில் அடுக்கும் ஓமாப்பில், எது எதற்குக் கீழே என்று காட்டும் மூதாதை அட்டவணையைத் திறங்கள். ஒவ்வொரு கான்செப்டும் தனக்கே மூதாதையாக, இடைவெளி 0 என்று ஒரு வரி இருக்கும். அந்த வரி இதற்காகத்தான். 0-ஐ வடிகட்டி நீக்கினால் அங்கேயும் இதே ஓட்டைதான்.

நடுவில்_ஒருவன்:
கர்ப்பகாலச் சர்க்கரையை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. 11687002 இதே கிளையில்தான் இருக்கு, எந்தக் குறி போட்டாலும் வந்து விழும். உலக சுகாதார நிறுவனத்தோட நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10ல் அது ஓ24.4, சர்க்கரை நோய்க்கான இ10–இ14க்கு வெளியே. ரெண்டு பட்டியலும் ஒத்துப்போகாது. மைனஸ் போட்டு அந்தக் கிளையைக் கழிக்கணும்.

வினவல்காரன்:
ஐசிடியை இங்க யார் கேட்டா? போன இழையையும் இப்படித்தான் கெடுத்தீங்க.

நடுவில்_ஒருவன்:
பில்லிங் தரவு முழுக்க ஐசிடியில் இருக்கு. அதைத் தொடாதவங்கதான் இப்படிக் கேப்பாங்க.

கிளைமுனை:
பேச்சை மாற்றாதீர்கள். எத்தனை கோணக்குறி? இரட்டைக் குறியின் விடையிலிருந்து ஒற்றைக் குறியின் விடையைக் கழியுங்கள். மிஞ்சுவது முழுக்க 73211009 என்று மட்டும் பதிவான ஆட்கள். திரையில் 'சர்க்கரை நோய்' என்று தேர்வு செய்யும் டாக்டருக்கு இந்தக் குறி எதுவும் தெரியாது. அவருக்காக நாம்தான் சரியாகப் போட வேண்டும்.

வினவல்காரன்:
மருத்துவக் கட்டுரைகளைத் தேடுற பப்மெட்ல மெஷ் சொல் (கட்டுரைக்குப் போடுற பொருள்தலைப்பு) தானா கீழ்ச்சொற்களுக்கும் விரியுது. அங்க யாரும் குறி எண்ணிக்கிட்டு இருக்கலை.

கிளைமுனை:
அங்கே தாய்ச் சொல்லும் சேர்ந்தேதான் விரிகிறது. அதுதான் இரட்டைக் குறி. நான் சொன்னதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வினவல்காரன்:
நான் ஒண்ணும் உங்க பக்கம் பேசலை. மெஷ் கட்டுரைக்கு, இது நோயாளிக்கு. வகை தெரியாதவர் என் பட்டியல்ல வேண்டாம்.

நடுவில்_ஒருவன்:
அப்புறம் எதுக்கு முதல் பதிவுல "எல்லா கான்செப்டையும்"னு எழுதினீங்க?

கிளைமுனை:
அதை விடுங்கள். கழித்துப் பார்த்தீர்களா, இல்லையா?