கேஸ் ரிஜெக்ற், நான் கிரேட் 12. யூனிவேர்சிற்றிக்கு அப்ளை பண்ணேலுமோ? அவசரம்

நித்திரை_இல்லாதவள்
வணக்கம். இதை இங்க எழுதலாமோ தெரியேல்ல, ஆனா கேக்கிறதுக்கு வேற ஆக்கள் இல்ல. நாங்கள் ஸ்காபரோவில ஒரு பேஸ்மென்ற்ல இருக்கிறம், எங்கட அகதிக் கேஸ் ரிஜெக்ற் ஆயிட்டுது. நான் கிரேட் 12, மார்க்ஸ் எல்லாம் 90க்குக் கிட்ட. வகுப்பில எல்லாரும் யூனிவேர்சிற்றி ஃபோர்ம் நிரப்பியினம், கைடன்ஸ் மிஸ் நேற்று என்னைக் கூப்பிட்டு நீர் ஏன் இன்னும் நிரப்பேல்ல எண்டு கேட்டவ, நான் வயித்துக்குத்து எண்டு சொல்லிப்போட்டு ஓடி வந்திட்டன். முந்தநாள் ஒரு லெற்றர் வந்தது, அம்மா அதை அரிசி டின்னுக்குள்ள வச்சிட்டு ஒருத்தரோடயும் கதைக்காதை எண்டுறா. எனக்குப் படிக்கேலுமோ? வீட்டுக்கு வந்து பிடிப்பினமோ? தெரிஞ்சாக்கள் ப்ளீஸ் சொல்லுங்கோ.

பழைய_மொன்றியல்காரன்
பிள்ளை முதல்ல பயப்பிடாதை. 86 ஓகஸ்ட்ல நியூஃபவுண்ட்லாந்துக் கடலில லைஃப்போட்ல 155 பேர் மிதந்து வந்தவை, கேள்விப்பட்டிருப்பாய், அதுக்கு அடுத்த வருஷம் வந்தனான் நான். மொன்றியல்ல பிரெஞ்சும் தெரியாது இங்கிலீசும் தெரியாது, ஒரு றெஸ்ரோறன்ற்ல கோப்பை கழுவினனான், பின் கதவால குப்பை கொண்டுபோய்க் கொட்டேக்க கை கதவுப் பிடியில ஒட்டிப்போடும், அவ்வளவு குளிர். ஒரே அறையில ஏழு பேர், சிஃப்ற் போட்டுத்தான் படுக்கிறது, ஒருத்தன் எழும்ப மற்றவன் அந்தச் சூட்டிலேயே படுப்பான். பேப்பர் கிடைக்க வருஷக்கணக்கு எடுத்தது. இப்ப எனக்கு ரெண்டு வீடு, மகள் பார்மசிஸ்ற். ஆனபடியா தைரியமா இரு, எல்லாம் சரிவரும்.

கணேஷ்_பிராம்ப்டன்
சார் அவங்க கேட்டது வேற நீங்க சொல்றது வேற. தங்கச்சி, ஸ்டடி பெர்மிட் இல்லாம இங்க எதுவுமே படிக்க முடியாது, ஸ்கூல்ல எப்படி விட்டாங்கன்னே புரியல. நான் கோயம்புத்தூர்ல இருந்து முறைப்படி பெர்மிட் எடுத்து வந்தவன், லோக்கல் பசங்க கட்டறத விட மூணு மடங்குக்கு மேல ஃபீஸ், அப்பா நிலத்த அடமானம் வச்சாரு. 2024 ஜனவரில பேங்க்ல காட்ட வேண்டிய பணத்தையும் 10,000 டாலர்ல இருந்து 20,635க்கு ஏத்தினாங்க, பெர்மிட் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு போட்டுட்டாங்க. எங்க கஷ்டத்த யாரும் கேக்கறதில்ல.

மல்வேர்ன்_அம்மா
கணேஷ் தம்பி, தெரியாததைச் சொல்லி அந்தப் பிள்ளையைக் கலைக்காதேங்கோ. 18க்குக் குறைஞ்ச பிள்ளைக்கோ தாய் தகப்பனுக்கோ இமிகிரேஷன் பேப்பர் இல்லையெண்டு ஒரு பள்ளிக்கூடமும் சேர்க்க மாட்டம் எண்டு சொல்லேலாது, ஒன்ராறியோ கல்விச் சட்டத்திலயே 49.1 எண்டு ஒரு பிரிவு இருக்கு. 2006ல ரொறொன்ரோவில ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளயே இமிகிரேஷன்காரர் போய் ரெண்டு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரிய பிரச்சினையாகி, அடுத்த வருஷம் ரொறொன்ரோ ஸ்கூல் போர்ட், ஸ்ரேற்றஸ் கேக்கிறேல்ல, தெரிய வந்தாலும் சொல்லுறேல்ல எண்டு கொள்கை போட்டது. என்ர மூத்தவன் படிக்கேக்க எங்களுக்கும் ஒண்டும் இல்ல, ஒருத்தரும் கேக்கேல்ல.

றூஜ்_றிவர்
எல்லாரும் சட்டம் கதைக்கிறியள். நான் சொல்லுறதைக் கேளும் தங்கச்சி, உடன வீட்டை மாறுங்கோ, ஃபோன் நம்பரை மாத்துங்கோ, லெற்றர் வரேல்ல எண்டு இருந்திடுங்கோ. எங்கட மச்சான் ஒருத்தர் அப்பிடித்தான் பிரம்ரன்ல பிறேமிங் வேலை செய்துகொண்டு இருக்கிறார், ஒருத்தரும் தேடி வரேல்ல.

மல்வேர்ன்_அம்மா
வரேல்ல எண்டு நீங்கள் நினைக்கிறியள். கூப்பிட்ட நாளுக்குப் போகாட்டி வாறன்ற் போடுவினம், பிறகு றோட்டில பொலிஸ் சும்மா மறிச்சாலும் அது கம்பியூட்டர்ல காட்டும். உங்கட மச்சான் தனி ஆள், இந்தப் பிள்ளைக்கு பள்ளிக்கூடம் இருக்கு.

றூஜ்_றிவர்
அப்ப போய்த் தலையைக் குடுக்கச் சொல்லுறியளோ? மச்சான்ர கேஸ் செய்த ஏஜென்சிக்காரர் 6,000 டொலர் வாங்கினவர், ஹியரிங்கில மனிசன் வாயே திறக்கேல்ல. எங்கட ஆக்கள்தான் எங்கட ஆக்களைச் சாப்பிடுறது. கடையில வேலை செய்தா மணிக்கு 11 டொலர் கையில தருவினம், சட்டப்படி 17.60 எண்டு கேட்டா உனக்குப் பேப்பர் இருக்கோ எண்டு திருப்பிக் கேப்பினம்.

கணேஷ்_பிராம்ப்டன்
அதுல உங்க ஆளு எங்க ஆளுன்னே கிடையாது அண்ணா, எங்க ஊர்க்காரர் ஒருத்தர் ஹோட்டல்ல ரெண்டு மாச சம்பளம் எனக்கு இன்னும் வரணும். பேஸ்மென்ட்ல ஒரு ரூம் ஷேரிங்குக்கே 700 கேக்கறாங்க, ஜன்னல் கிடையாது.

பழைய_மொன்றியல்காரன்
எங்கட காலத்தில 300க்கு முழு வீடு எடுக்கலாம். அப்ப சனம் ஒற்றுமையா இருந்தது. இப்ப கோயிலுக்குப் போனாலும் ஆர் என்ன கார் எண்டுதான் பாக்கினம்.

ஃபைல்_அக்கா
ஐயா, கோயில் கதையை வேற இடத்தில வச்சிருப்பம். பிள்ளை, நான் ஒரு லோயர் ஒஃபிஸில வேலை செய்தனான், லோயர் இல்ல. நீங்கள் எழுதினதில முக்கியமான ஒண்டும் இல்ல. அந்த லெற்றர் ஆரிட்ட இருந்து வந்தது, அகதிக் கேஸ் விசாரிக்கிற ஐ.ஆர்.பி.யோ, நாட்டை விட்டு அனுப்புற சி.பி.எஸ்.ஏ.யோ? கடைசி ரிஜெக்ற் எந்த மாசம், அப்பீல் செய்தனீங்களோ? உங்களுக்கு 18 முடிஞ்சுதோ? வீட்டில வேற ஆர் இருக்கினம்? இது தெரியாம இங்க ஆரும் என்ன சொன்னாலும் அது தங்கட கதைதான்.

நித்திரை_இல்லாதவள்
அக்கா சொறி. டின்னுக்குள்ள இருந்து எடுத்துப் பாத்தன். சி.பி.எஸ்.ஏ. எண்டு இருக்கு, வாற வியாழன் காலமை மிசிசாகா எயார்ப்போர்ட் றோட் 6900க்கு வரட்டாம், பாஸ்போர்ட்டும் கொண்டு வரட்டாம். அப்பீல் போன ஒக்ரோபர் ரிஜெக்ற். எனக்கு 17, மார்ச்சில 18 ஆகுது. நாங்கள் 2023ல விசிற்றர் விசாவில வந்தனாங்கள், அப்பா ஊரில. தம்பியும் இருக்கிறான், 9 வயசு, கிரேட் 4. உழைக்கிறது அம்மா மட்டும்தான், பேக்கரியில.

ஃபைல்_அக்கா
தம்பி இருக்கிறதை முதலே சொல்லியிருக்கோணும், அவன்தான் இதில பெரிய விஷயம். கொஞ்சம் நீளமா எழுதுறன், அம்மாவோட சேர்ந்து இருந்து வாசியுங்கோ.

வியாழன் கட்டாயம் போகோணும், ஆனா லோயரோட கதைக்காமப் போகக்கூடாது. நாளைக்கே லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்கு ஃபோன் எடுங்கோ, அம்மாவுக்குத் தமிழில கதைக்க ஆள் கேட்டா லைனில எடுத்துத் தருவினம். தெற்காசிய ஆக்களுக்கெண்டு சால்கோ எண்டொரு இலவச சட்டக் கிளினிக்கும் இருக்கு. ஒண்டும் பிடிபடாட்டி 211 அடியுங்கோ, அவை எங்க போறதெண்டு சொல்லுவினம். அந்த ஒஃபிஸுக்குப் போன உடன பிளேனில ஏத்துறதெண்டு சனம் பயப்பிடுறது, முதல் சந்திப்பு அநேகமா பேப்பர் பாக்கிறதும் எப்ப போகப் போறியள் எண்டு கேக்கிறதும்தான். வராம விட்ட ஆக்களைத்தான் பிடிச்சு வைக்கப் பாப்பினம்.

அப்பீல் ரிஜெக்ற் ஆகி 15 நாளுக்குள்ள ஃபெடறல் கோர்ட்டுக்குப் போயிருந்தா அது முடியுமட்டும் அனுப்பேலாது, அந்த 15 நாள் போட்டுது. பிந்திப் போறதுக்கு அனுமதி கேக்கலாம், லேசில கிடைக்காது, லோயரிட்டக் கேளுங்கோ. பி.ஆர்.ஆர்.ஏ. எண்டு சனம் சொல்லுறது, திருப்பி அனுப்பினா ஆபத்தோ எண்டு பாக்கிறது, அதுக்குக் கடைசி முடிவில இருந்து 12 மாசம் போகோணும், உங்களுக்கு இன்னும் போகேல்ல. மனிதாபிமான விண்ணப்பத்துக்கும், எச் அன்ட் சி எண்டுவினம், அதே 12 மாசத் தடை இருக்கு. ஆனா 18க்குக் குறைஞ்ச பிள்ளையை நேர பாதிக்குமெண்டா அந்தத் தடை இல்ல. அதுதான் தம்பியைப் பற்றிக் கேட்டனான். உங்களுக்கும் மார்ச் வரை அந்த வயசு இருக்கு, ஆனபடியா இழுத்தடிக்காம இப்பவே தொடங்கச் சொல்லுங்கோ.

றூஜ்_றிவர்
எச் அன்ட் சி போட்டா அனுப்ப மாட்டினம் எண்டு ஆக்கள் சொல்லுறது.

ஃபைல்_அக்கா
பொய். எச் அன்ட் சி போட்டதால அனுப்புறது நிக்காது, முடிவு வர வருஷக்கணக்கு, அதுக்கிடையில அனுப்பலாம். அதனால ரெண்டாவது வேலையும் சேர்த்துச் செய்யோணும், பள்ளிக்கூட வருஷம் முடியிற ஜூன் வரைக்கும் தள்ளி வையுங்கோ எண்டு ஒஃபிஸரிட்ட எழுத்தில கேக்கிறது. தந்தே ஆகோணும் எண்டு இல்ல, ஆனா நடுவில படிக்கிற பிள்ளையள் எண்டா பாக்கிற விஷயம். மறுத்தா ஃபெடறல் கோர்ட்டில ஸ்ரே, அனுப்புறதை நிப்பாட்டி வைக்கிற ஓடர், கேக்கலாம். எச் அன்ட் சிக்கு என்ன பாரமா இருக்குமெண்டா, கந்தசாமி கேஸ் எண்டு ஒண்டு இருக்கு, வடக்கில இருந்து 16 வயசில மாமாட்ட வந்த பெடியன், அகதிக் கேஸும் ரிஜெக்ற், எச் அன்ட் சியும் ரிஜெக்ற். 2015ல சுப்றீம் கோர்ட் அந்த முடிவைப் பிழை எண்டிட்டுது. பிள்ளையின்ர கஷ்டங்களைத் துண்டுதுண்டாப் பிரிச்சுப் பாக்கேலாது, எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாக்கோணும் எண்டு. அதுக்குப் பிறகு எந்த லோயரும் பிள்ளையளின்ர கேஸில அதைத்தான் முதல் தூக்குவினம். ஆனபடியா றிப்போர்ட் கார்ட், ரீச்சர்மாரின்ர கடிதம், தம்பிக்கு ஏதும் பயம் நித்திரைக் குழப்பம் இருந்தா டொக்டரின்ர கடிதம், அம்மா ராக்ஸ் ஃபைல் செய்திருந்தா அது, எல்லாம் ஒரு ஃபைலில.

நித்திரை_இல்லாதவள்
அக்கா அப்ப யூனிவேர்சிற்றி?

மல்வேர்ன்_அம்மா
அதை நான் சொல்லுறன், மூத்தவன் அப்பிடித்தான் போனவன். யோர்க்கில சாங்சுவரி ஸ்கொலர் எண்டு ஒரு திட்டம், 2017ல தொடங்கினது, பேப்பர் சரியில்லாத பிள்ளையளும் உள்ளூர் ஃபீஸ் கட்டிப் படிக்கலாம். ஓசாப் எண்டு ஒன்ராறியோ அரசாங்கம் படிக்கிறதுக்குக் குடுக்கிற காசு கிடைக்காது, அது சிற்றிசன், பி.ஆர். எண்ட நிரந்தர வதிவாளர், அகதியா ஏற்றுக்கொண்ட ஆக்களுக்குத்தான். ஃபீஸ் முழுக்க கையால கட்டோணும், அவன் ஒவ்வொரு செமெஸ்ரரும் ரெண்டு பாடம்தான் எடுத்தவன், நாலு வருஷப் படிப்பு இழுபட்டது, ஆனா முடிச்சான். எஃப்.சி.ஜே. றெஃபியூஜி சென்ரர் எண்டு ரொறொன்ரோவில இருக்கு, அந்தத் திட்டத்தைத் தொடங்கினதில அவையும் சேர்ந்தவை, யோர்க்குக்கு எழுத முதல் அவையிட்டக் கேளுங்கோ, யோர்க்கில ஆரிட்டப் போகோணும் எண்டு அவைக்குத் தெரியும்.

ஃபைல்_அக்கா
கைடன்ஸ் மிஸ்ஸிட்ட நாளைக்குப் போங்கோ. முழுக் கதையும் சொல்லத் தேவையில்ல, எனக்கு ஸ்ரேற்றஸ் பிரச்சினை, லோயருக்கு ஒரு கடிதம் வேணும் எண்டு மட்டும் சொன்னாப் போதும். கடிதத்தில எந்தக் கிரேட், எத்தினை கிரெடிற் முடிஞ்சுது, 30ல இன்னும் எத்தினை இருக்கு, ஜூனில முடிச்சா டிப்ளோமா வரும் எண்டு இருக்கோணும். 40 மணித்தியால வொலன்ரியர் வேலை முடிச்சிருந்தா அதையும் போடச் சொல்லுங்கோ. 18 ஆகுதெண்டு நடுவில பள்ளிக்கூடத்தை விட்டிட்டு வேலைக்குப் போயிடாதேங்கோ, விட்டிட்டுத் திரும்பச் சேரப் போனாத்தான் கேள்வி வரும். தம்பியின்ர பள்ளிக்கூடத்தில எமர்ஜென்சி கொன்ராக்ற்ல அம்மான்ர பேர் மட்டும் இருந்தா இந்தக் கிழமையே நம்பிக்கையான இன்னொராளின்ர பேரையும் குடுங்கோ, வியாழன் அம்மா வர ஆறு ஏழு மணி ஆகலாம், அவனை ஆர் கூட்டுறது.

கணேஷ்_பிராம்ப்டன்
வியாழன் எனக்கு லீவு. ஏர்போர்ட் ரோடு எங்க வீட்டுல இருந்து பக்கம்தான், ஸ்கார்பரோல இருந்து பஸ்ல வந்தா ரெண்டு மணி நேரம் ஆகும். வேணும்னா அக்கா மூலமா சொல்லுங்க, அட்ரஸ இங்க போடாதீங்க.

நித்திரை_இல்லாதவள்
தாங்ஸ் அண்ணா. அக்கா கடைசியா ஒண்டு, எங்கட கேஸ் செய்தவர் ஃபோன் எடுக்கிறாரில்ல, இன்னும் 1,500 தந்தாத்தான் ஃபைல் தருவன் எண்டு போன மாசம் அம்மாவுக்குச் சொன்னவராம்.

ஃபைல்_அக்கா
அவர் லைசென்ஸ் உள்ளவரோ எண்டு முதல் பாருங்கோ, இமிகிரேஷன் கன்சல்ரன்ற் எண்டா அவைக்கு லைசென்ஸ் குடுக்கிற கொலிஜ் எண்ட அமைப்பின்ர வெப்சைற்றிலயும், லோயர் எண்டா லோ சொசைற்றியின்ர வெப்சைற்றிலயும் பேரைத் தட்டினா வரும். வரேல்லையெண்டா ஒரு சதமும் குடுக்காதேங்கோ. அவரிட்ட நிக்கத் தேவையில்ல, புது லோயர் உங்கட சைன் வாங்கி ஐ.ஆர்.பி.யிட்ட நேர கொப்பி எடுப்பா, ஹியரிங் றெக்கோடிங்கும் சேர்த்து. நாளைக்கு ஃபோன் எடுக்கேக்க யூ.சி.ஐ. நம்பரை, இமிகிரேஷன்காரர் உங்களுக்குத் தந்த அடையாள நம்பர், கையில வச்சிருங்கோ, அந்த லெற்றரின்ர மேல்பக்கத்தில இருக்கும். லெற்றரைப் போட்டோ எடுத்து இங்க போட்டிடாதேங்கோ.