60 கி.மீ. வேகத்தில் எழும் உறுமல்: எங்கிருந்து என்று பிடிபடவில்லை

கோயம்புத்தூரில் நான் ஓட்டுவது 2014-ஆம் ஆண்டின் டீசல் ஹேட்ச்பேக் கார். இதுவரை 1,12,000 கி.மீ. ஓடியுள்ளது. மூன்று மாதங்களாக, வேகம் 60-ஐத் தாண்டியதும் முன்புற இடது சக்கரத்தின் பக்கமிருந்து ஓர் உறுமல் எழுகிறது. நியூட்ரலில் விட்டாலும் அது நிற்பதில்லை என்பதால் இன்ஜினை நான் சந்தேகிக்கவில்லை. நீலாம்பூர்–மதுக்கரை புறவழிச்சாலையில் வலப்புறம் வளையும்போது, எடை இடப்புறம் சாயும் அந்த நொடிகளில், ஒலி தெளிவாகக் கூடுகிறது.

டயர்களை முன்பின்னாக மாற்றினேன். இடது வீல் பேரிங்கை (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பாகம்) புதிதாகப் போட்டேன். அதன்பின் ஒரு வாரம் அமைதியாக இருந்துவிட்டு ஒலி மீண்டும் வந்ததுதான் பெருங்குழப்பம். ஜாக்கியில் தூக்கி அசைத்தால் சக்கரத்தில் ஆட்டமில்லை. மெக்கானிக்கோ கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்.

அந்தச் செலவில் இறங்கும் முன், ஒலி புதிய பேரிங்கிலிருந்து வருகிறதா, கியர்பாக்ஸிலிருந்து வருகிறதா என்று உறுதியாகப் பிரித்தறிய என்ன சோதனை செய்யலாம்?