பிற நாட்டு மக்களைக் காக்கப் போர் தொடுக்கலாமா? 1971-க்கும் 2003-க்கும் ஒரே அளவுகோல் உண்டா?

பொருநை ஆசிரியர் (பாளையங்கோட்டை) கேட்டது:

பாளையங்கோட்டையில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் உலக வரலாறு நடத்துகிறேன். இராக் போர் பற்றிய பாடத்தில் எழுந்த ஒரு கேள்வியை இங்குள்ள பெரியவர்கள் முன்பும் நண்பர்கள் முன்பும் வைக்க விரும்புகிறேன்.

இராக்கைப் பற்றி வகுப்பில் இரண்டு கருத்து இல்லை. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் படங்களையும் ஒலிப்பதிவுகளையும் முன்வைத்து, சதாம் உசேன் பேரழிவு ஆயுதங்களை மறைத்து வைத்திருக்கிறார் என்று வாதிட்டார். மார்ச் 20 அன்று, அவையின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமலேயே படையெடுப்பு தொடங்கியது. ஆயுதங்கள் கிடைக்கவில்லை. அந்தக் காரணம் பொய்த்துப் போன பிறகுதான், கொடுங்கோலனிடமிருந்து ஒரு மக்களை விடுவித்தோம் என்ற காரணம் முன்னுக்கு வந்தது. அந்தப் போர் ஐ.நா. சாசனத்துக்குப் பொருந்தாதது என்று அப்போதைய பொதுச்செயலர் கோஃபி அன்னானே 2004-இல் சொன்னார்.

இவ்வளவும் பேசி முடித்தபோது ஒரு மாணவி, 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் (இன்றைய வங்கதேசம்) நம் படை போனதை மட்டும் ஏன் பெருமையோடு படிக்கிறோம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1971 டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கிய பிறகே போர் முறைப்படி தொடங்கியது என்றாலும், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வங்க விடுதலைப் படையான முக்தி வாகினிக்கு நாம் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்து வந்தோம். டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொது அவையில் போர் நிறுத்தமும் படை விலக்கமும் கோரிய தீர்மானத்தை 104 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை 11 மட்டுமே. அன்று உலகின் பெரும்பான்மை நம் பக்கம் நிற்கவில்லை.

தன் குடிமக்களையே கொல்லும் ஓர் அரசைத் தடுக்க வெளிநாட்டுப் படை நுழையலாமா? நுழையலாம் என்றால், மேற்கு நாடுகள் அதைச் செய்யும்போது மட்டும் நமக்கு ஏன் உறுத்துகிறது? அந்த உறுத்தலுக்கு அறம் சார்ந்த அடிப்படை உண்டா, அல்லது ஆட்சி செய்தவன் மேல் அடிமைப்பட்டவனுக்கு இருக்கும் பழைய கோபம் மட்டும்தானா?

ஓட்டப்பிடாரத்தார் எழுதிய பதில்:

ஐயா, பழைய கோபம் இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்தக் கோபத்துக்குள் ஒரு பட்டறிவும் இருக்கிறது என்பதே என் கருத்து.

நோக்கம் தூய்மையாக இருந்ததா என்று தேடத் தொடங்கினால் எந்தப் போரும் தேறாது. 1971-இல் ஏறத்தாழ ஒரு கோடி அகதிகளின் சுமை நம் மேல் இருந்தது. பாகிஸ்தானை இரண்டாக்கும் வாய்ப்பும் கண்ணெதிரே இருந்தது. இரண்டையும் தில்லி அறிந்தேதான் செயல்பட்டது. அதேபோல் சட்டப்படி நடந்ததா என்ற கேள்வியும் முழு விடை தருவதில்லை. பாதுகாப்பு அவையில் வெட்டதிகாரம் (வீட்டோ) உள்ள ஐந்து நாடுகளில் ஒன்று கொலைகார அரசுக்கு நண்பனாக இருந்தால் சட்டம் வாய் மூடிவிடும். டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் நடத்திய படுகொலை வாஷிங்டனுக்குத் தெரியாமல் நடந்ததன்று. அங்கிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட், தம் சக அதிகாரிகளோடு சேர்ந்து 1971 ஏப்ரல் 6 அன்று தம் அரசின் கொள்கையைக் கண்டித்துத் தந்தி அனுப்பினார். சீனாவோடு உறவு தொடங்கப் பாகிஸ்தான் வழியாகத் தூது போய்க்கொண்டிருந்த நேரம் அது. அமெரிக்க அதிபர் நிக்சனும் அவருடைய ஆலோசகர் கிசிஞ்சரும் பாகிஸ்தான் அதிபர் யாஹியா கானைக் கைவிடவில்லை. பிளட்தான் அந்தப் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.

ஆகவே நான் பார்ப்பது வேறொன்றை. போருக்கு முன்னால் சொல்லப்பட்ட காரணத்தைக் காட்டிலும், போர் முடிந்தபின் எழுதப்பட்ட ஆவணங்களை எடுத்துப் படிக்க வேண்டும் என்பேன். எங்கள் பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். கும்பினியார் சொன்ன காரணம் கிஸ்தி பாக்கியும் கீழ்ப்படியாமையும்தான். நவாபின் சார்பில் ஒழுங்கை நிலைநாட்டுகிறோம் என்பதே அவர்களுடைய பேச்சு. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். மற்றப் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை போனது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து மீண்டும் எழுப்பிய கோட்டையை 1801 மே மாதம் பிடித்து, தரைமட்டமாக்கி, ஊரின் பெயரையே கணக்கிலிருந்து நீக்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 31 அன்று கர்நாடக உடன்படிக்கை கையெழுத்தானது. நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. ஆட்சி முழுவதும் கும்பினிக்கு. யாருடைய ஒழுங்குக்காக அந்தப் போர் நடந்தது என்பதை அந்தப் பத்திரம் சொல்லிவிடுகிறது.

உள்ளூர் ஆதரவு இருந்தது என்ற வாதமும் புதிதன்று. எட்டயபுரம் அன்று கும்பினியோடு நின்றது. பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் பங்கும் பெற்றது. 2003-இல் அகமது சலபி போன்ற இராக்கிய அயலகத் தலைவர்கள் வாஷிங்டனில் வகித்த இடமும் அதுவே. வெளியிலிருந்து வரும் படையை வரவேற்க உள்ளே யாராவது இருந்தே தீருவார்கள். அவர்களுடைய அழைப்பை மக்களின் அழைப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதே சோதனையை இரண்டு போர்களுக்கும் வைத்துப் பாருங்கள். 1971-இல் சரணடைந்த பாகிஸ்தானியர் ஏறத்தாழ 93,000 பேர். டாக்கா நம் கையில் இருந்தது. 1972 மார்ச் மாதத்துக்குள் நம் படை திரும்பிவிட்டது. அந்த மாதம் கையெழுத்தான 25 ஆண்டு நட்புறவு உடன்படிக்கையை வங்கதேசத்தில் பலர் சமமற்றது என்று விமர்சித்தார்கள். அதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் நாட்டை ஆண்டவர்கள் அந்நாட்டவர்களே. இராக்கில் 2003 மே மாதம் அமெரிக்கா நியமித்த நிர்வாகி பால் பிரெமர் வந்து, அடுத்தடுத்த ஆணைகளால் சதாமின் பாத் கட்சியினரைப் பதவிகளிலிருந்து நீக்கி, இராணுவத்தையும் கலைத்தார். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த இலட்சக்கணக்கான ஆண்கள் சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். விடுவிக்கப் போனவர்கள், விடுவிக்கப்பட்டவர்களைக் கேட்காமல் அவர்களுடைய அரசையே பிரித்துப் போட்டார்கள். என் உறுத்தல் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

மேலப்பாளையம் பாய் எழுதிய பதில்:

அண்ணாச்சி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் குண்டு விழுவதை மட்டுமே போர் என்று எடுத்துக்கொண்டு பேசுகிறோம் என்பதால் இதை எழுதுகிறேன்.

1990 ஆகஸ்டில் சதாமின் படை நுழைந்தபோது நான் குவைத்தில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். முதலில் குவைத் தினாரும் இராக் தினாரும் சமம் என்றார்கள்; பிறகு குவைத் தினார் செல்லாது என்றார்கள். ஊரில் வீடு கட்டச் சேர்த்த நோட்டுகள் இரும்புப் பெட்டிக்குள் இருந்தபடியே வெறுந்தாள் ஆயின. பாக்தாத் வழியாக ஜோர்தான் பாலைவனக் கூடாரங்களுக்குப் போய், அம்மானில் விமானம் ஏறியவர்களில் நானும் ஒருவன். ஏறத்தாழ 1,70,000 இந்தியர்களை ஏர் இந்தியா விமானங்கள் அப்படித்தான் கொண்டுவந்தன. ஆகவே சதாமைக் குவைத்திலிருந்து வெளியேற்றிய போரை என்னால் தவறென்று சொல்ல முடியாது. அதற்குப் பாதுகாப்பு அவையின் தீர்மானமும் இருந்தது.

எனக்கு நெருடுவது அதன் பிறகு நடந்தது. குவைத்திலிருந்து ஓடிவந்தவர்களுக்கு இழப்பீடு தர ஐ.நா. ஓர் ஆணையம் அமைத்தது. எங்கள் தெருவில் பலருக்கும் அந்தப் பணம் வந்தது, எனக்கும் வந்தது. அது இராக் எண்ணெய் விற்ற பணத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஐ.நா.வின் பொருளாதாரத் தடைகளுக்கு இடையே எண்ணெய் விற்று உணவு வாங்க இராக்கை அனுமதித்த, எண்ணெய்க்கு உணவு என்ற திட்டம் தொடங்கியபோது நூற்றுக்கு 30 பங்கு இழப்பீட்டுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டுகளில், அந்தத் தடைகளால், குடிநீரைச் சுத்திகரிக்கும் குளோரினுக்கும், மருத்துவமனைக் கருவிகளுக்கும், பம்புகளின் உதிரிப் பாகங்களுக்கும் இராக் அனுமதி கேட்டுக் காத்திருந்தது. எனக்கு இழப்பை உண்டாக்கியவர் சதாம். கழித்துக் கொடுத்தவர்களோ பாஸ்ராவில் குழாயில் தண்ணீர் வராத குடும்பத்தார்.

இராக்கில் ஐந்து இலட்சம் குழந்தைகள் இறந்தார்கள் என்று அன்று சொல்லப்பட்ட எண்ணிக்கை பிற்கால ஆய்வுகளில் நிலைக்கவில்லை; அதை நாம் திரும்பத் திரும்பச் சொல்லக் கூடாது. ஆனால் 1996-இல் அந்த எண்ணிக்கையைச் சொல்லித் தொலைக்காட்சியில் கேட்டபோது, ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட் அதை மறுக்கவில்லை. அந்த விலை தகும் என்றே கருதுவதாகப் பதிலளித்தார். பின்னாளில் வருந்தினார் என்றாலும், கொள்கை வகுப்பவர்களின் கணக்கு அந்த ஒரு பதிலில் வெளிப்பட்டது. இராக்கில் ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளுக்குப் பொறுப்பாக இருந்த டெனிஸ் ஹாலிடே 1998-இலும், அடுத்து வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000-இலும் இந்தத் தடைகளை ஏற்க முடியாமல் பதவி விலகினார்கள். போரைவிடத் தடை மென்மையானது என்று மாணவர்கள் எழுதினால், அந்த இருவரையும் பற்றிச் சொல்லுங்கள்.

பணகுடி இளையவன் எழுதிய பதில்:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். தலையிட்டது மட்டுமே குற்றம் என்பதுபோல் பேச்சு போகிறது. ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் கொலைகள் தொடங்கி இரண்டு வாரங்களில், அங்கிருந்த ஐ.நா. படையைப் பாதுகாப்பு அவை 270 பேராகக் குறைத்தது. ஏறத்தாழ நூறு நாள்களில் எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ஒதுங்கி நிற்பதும் ஒரு வெளியுறவுக் கொள்கைதான்.

இன்னொன்றையும் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 2022 மார்ச் 2 அன்று உக்ரைன் படையெடுப்பைக் கண்டித்த பொது அவைத் தீர்மானத்துக்கு 141 நாடுகள் வாக்களித்தன. இந்தியா வாக்களிக்காமல் விலகி நின்றது. நம் மாவட்டத்துக் கூடங்குளத்தில் ஓடுவது ரஷ்ய உலைகள். நம் படைக்கலங்களில் பெரும்பகுதியும் அங்கிருந்து வந்தவை. அமெரிக்காவுக்கு எண்ணெய் தேவைப்பட்டதுபோல் நமக்கும் தேவைகள் இருக்கின்றன. இராக்குக்குக் கொதித்தவர்கள் உக்ரைனுக்கு அமைதியாக இருந்தால், மாணவர்கள் நம்மிடம் அறத்தைக் கற்கமாட்டார்கள், அணி சேர்வதைத்தான் கற்பார்கள். அதேபோல் உக்ரைனுக்காகச் சாசனத்தை எடுத்துக் காட்டும் வாஷிங்டன், காசாவில் போர் நிறுத்தம் கோரிய தீர்மானங்களை வெட்டதிகாரத்தால் தடுத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முகாமில் வளர்ந்தவள் எழுதிய பதில்:

தம்பி பணகுடி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் பிறந்தது இலங்கையில், வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கத்து அகதிகள் முகாமில். 2009-இன் முதல் ஐந்து மாதங்களில், அமெரிக்கக் கப்பல் வரும், யாராவது தடுப்பார்கள் என்று எங்கள் பெரியவர்கள் வானொலியைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். மேற்கத்தியத் தலையீட்டை எதிர்ப்பவர்கள் என்று எங்களை யாராவது அன்று சொல்லியிருந்தால் அழுதிருப்போம்.

ஆனாலும் படை வந்திருக்க வேண்டும் என்று இன்று நான் சொல்லமாட்டேன். படை வந்த கதை எங்களுக்குத் தெரியும். 1987 ஜூலை உடன்படிக்கைக்குப் பின் இந்திய அமைதிப்படை எங்களைக் காக்க வந்தது. சில மாதங்களுக்குள் யாழ்ப்பாணத்தில் போர் அதனோடுதான் நடந்தது. 1990 மார்ச்சில் அது திரும்பியபோது ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்களும் எண்ணற்ற எங்கள் மக்களும் இறந்திருந்தார்கள். ஓட்டப்பிடாரத்து அண்ணாச்சி 1971-ஐப் படிக்கச் சொல்லும்போது இதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அதே நாடு, அதே இராணுவம், பதினாறே ஆண்டு இடைவெளி.

2009-இல் செய்திருக்கக் கூடியது அதைவிடச் சிறியது. 2008 செப்டம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. பணியாளர்கள் வெளியேறினார்கள், போகவேண்டாம் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். பின்னர் இறந்தவர்களின் எண்ணிக்கையை ஐ.நா. அலுவலகமே திரட்டிக்கொண்டிருந்தது, ஆனால் வெளிப்படையாகச் சொல்லத் தயங்கியது. இதை 2012-இல் வந்த ஐ.நா.வின் உள் ஆய்வறிக்கையே ஒப்புக்கொள்கிறது. இறுதிக் கட்டத்தில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று 2011-இல் நிபுணர் குழு எழுதியபோது எல்லாம் முடிந்திருந்தது. பாதுகாப்பு அவை இலங்கையைத் தன் முறையான நிகழ்ச்சி நிரலில் ஒருநாளும் சேர்க்கவில்லை. போர் முடிந்த பத்தே நாள்களில் மனித உரிமை அவையில் இலங்கையைப் பாராட்டும் தொனியில் வந்த தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. எதிர்த்தவை பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகள். மேற்கு என்றால் ஒரே முகம் என்று என்னால் எழுத முடியாததற்கு அது ஒரு காரணம்.

படை அனுப்பலாமா கூடாதா என்று கேட்கும் முன், அங்கே இருந்தவர்கள் ஏன் வெளியேறினார்கள், எண்ணியவர்கள் ஏன் சொல்லவில்லை என்று உங்கள் மாணவர்களைக் கேட்கச் சொல்லுங்கள் ஐயா.

பொருநை ஆசிரியர் (பாளையங்கோட்டை):

அனைவருக்கும் நன்றி. அடுத்த வகுப்பில் 1801 உடன்படிக்கை, 1972 படை விலக்கம், 2003 மே மாத ஆணைகள் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பேசப் போகிறேன். சகோதரி எழுதிய அமைதிப்படைப் பகுதியையும் தவறாமல் சேர்ப்பேன். ஒரே ஒரு ஐயம். ஒரு சனநாயக நாடு தன் தவறான போரைத் தானே விசாரிக்கிறது என்பதை அதன் பக்கத்து நியாயமாக எவ்வளவு தூரம் கொள்ளலாம்?

ஓட்டப்பிடாரத்தார்:

கொள்ள வேண்டும், ஆனால் அளவோடு. பிரிட்டனில் இராக் போரை விசாரித்த சில்காட் குழு 2009-இல் தொடங்கி 2016 ஜூலையில் அறிக்கை தந்தது. அமைதி வழிகள் தீர்ந்துபோகும் முன்பே போருக்குப் போனார்கள் என்று அது தெளிவாகச் சொன்னது. எது வந்தாலும் உங்களோடு இருப்பேன் என்று 2002 ஜூலையிலேயே பிரிட்டன் பிரதமர் பிளேர் அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பும் வெளிவந்தது. அதன் பேரில் யாரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. இராக்கியர் ஒருவருக்கும் அதனால் இழப்பீடு கிடைக்கவில்லை. ஆனால் பிரதமர் எழுதிய குறிப்பைக் குடிமக்கள் எடுத்துப் படிக்க முடிந்தது. அமைதிப்படையை அனுப்பியது பற்றி அப்படியொரு பொது விசாரணையை நாம் இதுவரை நடத்தவில்லை. அதைக் கேட்பதற்கான உரிமை சகோதரிக்கும் உண்டு, அங்கிருந்து திரும்பாத வீரர்களின் வீட்டாருக்கும் உண்டு.