ஸ்கோப் பேஸில் ஒரு ஸ்க்ரூ மட்டும் அசையவே மாட்டேங்குது – ரைஃபிளைக் கெடுக்காம எப்படிக் கழட்டுறது?

சாரல்:
வணக்கம். என்கிட்ட இருக்கறது கைமாறி வந்த பழைய போல்ட் ஆக்ஷன் வேட்டை ரைஃபிள். ஸ்கோப்பையும் அதைத் தாங்கற பேஸையும் மாத்தணும். ஸ்கோப்பைக் கவ்வற ரிங் எல்லாம் சுலபமா கழண்டுடுச்சு. பேஸுக்கு மொத்தம் நாலு ஸ்க்ரூ, மூணு வந்தாச்சு. பேரலை ஒட்டி முன்னாடி இருக்கற ஒண்ணு மட்டும் இம்மி அசையல. நேர்க்காடி வச்ச சின்ன ஸ்க்ரூ. எனக்கு முன்னாடி யாரோ மல்லுக்கட்டிப் பார்த்திருக்காங்க, காடியோட ஒரு ஓரம் ஏற்கனவே மடங்கியிருக்கு. ரெண்டு நாளா துருநீக்கி எண்ணெய் விட்டுப் பார்க்கறேன், பலனில்லை. அடுத்து என்ன செய்யலாம்?

பட்டறைக்காரர்:
முதல்ல ரைஃபிளோட நிலைமையைச் சொல்லுங்க. மேகஸின் காலியா? போல்ட்டை (சேம்பரை மூடித் திறக்கற உருளையை) உருவி வெளியே வச்சாச்சா? தோட்டா உக்கார்ற சேம்பருக்குள்ள கண்ணால பார்த்து, விரல் விட்டும் தடவிப் பார்த்தீங்களா? தோட்டா எதுவும் அந்த மேசையில மட்டுமில்லை, அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. இது சம்பிரதாயத்துக்குச் சொல்றதில்லை. சுத்தியும் சூடும் வரப்போற வேலை இது.

அடுத்து, கழண்டு வந்த மூணு ஸ்க்ரூவோட மரையைப் பாருங்க. அதுல என்ன ஒட்டியிருக்கு? நாலாவதைப் பிடிச்சு வச்சிருக்கறது துருவா, ஸ்க்ரூ தானா கழலாம இருக்க மரையில போடற பசையாங்கறதை அந்த மூணும் சொல்லிடும். அது தெரியாம எண்ணெய் விடறது வீண்.

சாரல்:
போல்ட் வெளியே, சேம்பர் காலி, தோட்டா வேற அறையில பூட்டி இருக்கு. மூணு ஸ்க்ரூவோட மரையிலயும் செந்நிறமா ஏதோ படிஞ்சிருக்கு. நகத்தால சுரண்டினா உதிருது. துருன்னுதான் நினைக்கறேன்.

பட்டறைக்காரர்:
அவசரப்பட வேண்டாம். உதிர்ந்ததை வெள்ளைத் தாள்ல போட்டு ஒரு சொட்டு எண்ணெயோட விரலால தேயுங்க. துருன்னா மாவா கரைஞ்சு பழுப்பா அப்பிக்கும். மரைப் பசைன்னா கரையாது, சின்னச் சின்னச் செதிலா அப்படியே நிக்கும். வெளிச்சத்துல பிடிச்சா கொஞ்சம் ஊடுருவித் தெரியும். ஊசியைச் சூடு பண்ணி ஒரு செதிலைத் தொட்டா இளகும்.

சாரல்:
செதில்தான். ஊசி பட்டதும் சுருங்கிடுச்சு. அப்போ இது பசையா?

பட்டறைக்காரர்:
பசைதான். துருநீக்கி எண்ணெயால அதை ஒண்ணும் பண்ண முடியாது. லாக்டைட் வகைப் பசைகள்ல நீலம்னா கைக்கருவிக்கு விட்டுக்கொடுக்கும். சிவப்புன்னா 250 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு போனாத்தான் இளகும். எல்லா நிறுவனமும் ஒரே நிறக் கணக்கை வச்சுக்கறதில்லை, அதனால நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆனா இவ்வளவு முரண்டு பிடிக்குதுன்னா கெட்டியான வகைன்னே வச்சுக்கலாம்.

தீக்குச்சி:
இதுக்கா இவ்வளவு பேச்சு? கேஸ் டார்ச்சை ரெண்டு நிமிஷம் காட்டுங்க, வெண்ணெயா வரும்.

பட்டறைக்காரர்:
டிராக்டர் போல்ட்டுக்கு அது சரி. இங்க வேண்டவே வேண்டாம். 200 டிகிரி தாண்டினாலே பளபளப்பான இரும்பு வைக்கோல் நிறத்துக்கு மாற ஆரம்பிக்கும், 300ஐ நெருங்கும்போது நீலமாகும். டார்ச்சோட தீ ஒரு இடத்துல நிக்காது, ரிசீவர் (போல்ட்டும் பேரலும் பொருந்தற உடல்பகுதி) முழுக்கப் பரவும். கருநீலப் பூச்சு போறது பெரிசில்லை. சுடும்போது போல்ட்டைப் பின்னால போகவிடாம நிறுத்தற மேடுகளை, அதாவது அதோட பூட்டுக் காதுகளை, தாங்கற இடமே இந்த முன் ரிசீவர்தான். அங்க கொடுத்திருக்கற கடினப்படுத்தல் கெட்டுப்போச்சுன்னா வெளியில இருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, சுடும்போதுதான் தெரியும். பழைய ரிசீவர்கள் பலதுல மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தியிருப்பாங்க, அதுக்கு இன்னும் ஆபத்து.

சாரல் தம்பி, சூடு ஸ்க்ரூவுக்குப் போகணும், ரைஃபிளுக்குப் போகக் கூடாது. அதுக்குச் சால்டரிங் அயர்ன் போதும், கொஞ்சம் கனமான முனையா இருக்கட்டும். ரைஃபிளை மரக்கட்டையில இருந்து பிரிச்சிடுங்க. ஏற்கனவே விட்ட எண்ணெயை நல்லாத் துடைச்சிடுங்க, இல்லேன்னா புகையும். முனையை ஸ்க்ரூ தலையில அழுத்திப் பிடிச்சுச் சில நிமிஷம் பொறுமையா நில்லுங்க. சூடு ஆறறதுக்குள்ள திருப்பிடணும். ஆறவிட்டா பசை திரும்பப் பிடிச்சுக்கும். அதனால திருப்புளி கைக்கு எட்டற தூரத்துலயே இருக்கட்டும்.

இரும்புமணி:
அந்தத் திருப்புளியைப் பத்தி ஒரு வார்த்தை. கடையில கிடைக்கற சாதாரண ஸ்க்ரூடிரைவரோட முனை ஆப்பு மாதிரி சரிஞ்சிருக்கும். காடியோட மேல் உதட்டுல மட்டும்தான் அது உக்காரும். பலம் கொடுக்கக் கொடுக்க மேலே ஏறி வழுக்கும், காடி மடங்கறது இதனாலதான். துப்பாக்கி வேலைக்குன்னு வர்ற பிட்டோட ரெண்டு பக்கமும் இணையா, உள்வாங்கித் தீட்டியிருக்கும். காடியோட அகலம், நீளம், ஆழம் மூணுலயும் ஆட்டமில்லாம உக்காரணும். ஆடுச்சுன்னா அடுத்த அளவை எடுங்க. நுனியில வால்வு உரசற பேஸ்ட்டை (ஒட்டற பசை இல்லை, நறநறன்னு இருக்கற உரசல் கலவை) துளி தடவினா பிடிப்பு கூடும்.

திருப்பறதுக்கு முன்னாடி பிட்டைக் காடியில நிறுத்தி, அதோட மண்டையில சின்னச் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டுங்க. அப்புறம் இறுக்கற பக்கமா ஒரு நூல் அளவு திருப்பிப் பார்த்துட்டுக் கழட்டற பக்கம் வாங்க. பெஞ்ச் டிரில் இருந்தா இன்னும் நல்லது. பிளக்கைப் பிடுங்கிட்டு, சக்குல (டிரில் நுனியைக் கவ்வற தலையில) பிட்டை மாட்டி, கைப்பிடியால கீழ அழுத்திக்கிட்டே சக்கைக் கையால திருப்புங்க. மேல ஏற இடமே இருக்காது.

சாரல்:
பெஞ்ச் டிரில் இருக்கு. சரியான பிட்டும் வாங்கிட்டேன். இன்னிக்குச் சூடு பண்ணினேன், காடியோரமா லேசா ஒரு புகை வந்துது. சக்குல மாட்டித் திருப்பினதும் "டக்"குனு ஒரு சத்தம், கடிகார முள்ளுல ஒரு மணி நேரம் போற அளவுக்கு நகர்ந்துது. அதோட சரி, மடங்கியிருந்த ஓரம் பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. இப்போ பிட்டுக்குப் பிடிமானமே இல்லை. ஈஸி-அவுட் (ஸ்க்ரூவுல துளை போட்டு உள்ள திருகி, அதைப் பிடிச்சு வெளியே எடுக்கற கருவி) போடலாமா?

இரும்புமணி:
போடாதீங்க! இந்த ஸ்க்ரூ பெரும்பாலும் 6-48 மரையா (6ம் நம்பர் தண்டு, அங்குலத்துக்கு 48 மரை) இருக்கும், தண்டு வெறும் மூணரை மில்லிமீட்டர். அதுல துளை போட்டு நுழையற ஈஸி-அவுட் ஊசி கணக்காத்தான் இருக்கும். கடினமான எஃகு, வளையாது, சட்டுனு ஒடியும். ஒடிஞ்சு உள்ள நின்னா சாதாரண டிரில் அதுல ஏறாது.

பட்டறைக்காரர்:
இரும்புமணி சொல்றது சரி. சாரல், நகர்ந்துடுச்சுன்னு சொன்னீங்களே, பாதி வேலை முடிஞ்சுது. பசை விட்டாச்சு. இப்போ ஸ்க்ரூவை இறுக்கிப் பிடிக்கறது தலைக்கும் பேஸுக்கும் நடுவுல இருக்கற அழுத்தம்தான். தலையை எடுத்துட்டா அதுவும் போயிடும்.

ரைஃபிளை மட்டம் பார்த்து அசையாம கட்டுங்க. கையால பிடிக்கற டிரில்லு இந்த வேலைக்கு ஆகாது. காடி நடுவுல ஓடறதால டிரில் நுனி ஒரு பக்கமா வழுக்கும், அதனால முதல்ல குட்டையான சென்டர் டிரில்லால குழி எடுங்க. அப்புறம் தண்டை விடக் கொஞ்சமே பெரிய டிரில். எதிர்ப்பக்கம் சுத்தி வெட்டற இடது சுழல் டிரில் கிடைச்சா, சக்கையும் எதிர்ப்பக்கம் ஓட விட முடிஞ்சா, அதையே போடுங்க. சில சமயம் துளை போடும்போதே ஸ்க்ரூ தானா கழண்டு மேல வந்துடும். டிரில்ல ஒட்டும் டேப் சுத்தி ஆழத்துக்கு அடையாளம் வைங்க. தலையோட தடிமனுக்கு மேல ஒரு மயிரிழை கூடப் போகக் கூடாது. பல ரைஃபிள்கள்ல அந்த முன் துளைக்கு நேர் கீழே பேரலோட மரை இருக்கு.

தலை வளையமா கழண்டு டிரில்லோட சுத்த ஆரம்பிக்கும், அங்கேயே நிறுத்திடுங்க. பேஸைத் தூக்குங்க. தண்டு ரெண்டு மூணு மில்லிமீட்டர் நீட்டிக்கிட்டு நிக்கும்.

தீக்குச்சி:
தலை போனா அப்புறம் எதைப் பிடிச்சுத் திருப்புவாங்களாம்?

பட்டறைக்காரர்:
நீட்டிக்கிட்டு இருக்கற தண்டைத்தான். கவ்வினா பூட்டிக்கற குறடு இருக்கே, சின்ன வைஸ் கிரிப், அது போதும். மறுபடி அயர்னால ஒரு சூடு காட்டிட்டுத் திருப்பணும்.

சாரல்:
வந்துடுச்சு! இடது சுழல் டிரில் கிடைக்கல, சாதாரணதுலயே செஞ்சேன். தலை வளையமா டிரில்லோட வந்துது, பேஸ் கையோட எழும்புச்சு. தண்டை வைஸ் கிரிப்ல பிடிச்சா முதல் சுத்து மட்டும்தான் கொஞ்சம் கஷ்டம், அப்புறம் விரலாலயே சுத்தி எடுத்தேன். மரை முழுக்கச் சிவப்புப் பசை, துரு ஒரு பொட்டு கூட இல்லை. ரிசீவர்ல கீறல் இல்லை, நிறமும் மாறல. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. புது ஸ்க்ரூ போடும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

பட்டறைக்காரர்:
இருக்கு. துளையில மிச்சப் பசை நிக்கும். அதே அளவு டேப்பை (மரை வெட்டற கருவியை) கையால மெதுவா விட்டு எடுங்க, புதுசா வெட்ட வேண்டாம். துளை அடியில மூடியிருந்தா டேப்பை இடிக்கவிடாதீங்க. அசிட்டோன் தொட்ட பஞ்சால துடைங்க, கட்டையோட பாலிஷ்ல மட்டும் பட்டுடாம.

நாலு ஸ்க்ரூவும் ஒரே நீளமா இருக்கணும்னு இல்லை, கலந்துடாதீங்க. முன்னாடி போறது நீளமா இருந்தா பேரல் மரையில போய் முட்டும். ஸ்க்ரூ இறுகிட்ட மாதிரி இருக்கும், பேஸ் ஆடிக்கிட்டே இருக்கும். பக்கத்துத் துளையில நீளமாப் போட்டா போல்ட்டோட காதுல உரசும். ஒவ்வொண்ணா இறுக்கும்போதும் போல்ட்டைப் போட்டு மூடித் திறந்து பாருங்க. எந்த ஸ்க்ரூவை இறுக்கினதும் போல்ட் கனமாகுதோ அதுதான் நீளம். நுனியை அரத்துல கொஞ்சம் தேய்ச்சா போதும்.

இறுக்கம் 20 அங்குல-பவுண்டு பக்கம், அதாவது ரெண்டேகால் நியூட்டன் மீட்டர். பேஸ் செஞ்சவங்க வேற கணக்கு கொடுத்திருந்தா அதைப் பின்பற்றுங்க. பசை போட்டே ஆகணும்னா நீலம் ஒரு துளி.

இரும்புமணி:
ரெண்டு நாள் விட்ட எண்ணெய் எங்க போச்சுன்னும் பாருங்க. சேம்பருக்குள்ளயும் போல்ட் காதுகள் உக்கார்ற இடத்துலயும் இறங்கியிருக்கும். சேம்பர்ல எண்ணெய் இருந்தா சுடும்போது தோட்டா உறை சுவரைப் பிடிக்காது, முழு அழுத்தமும் போல்ட் மேல விழும். உலர்ந்த துணியால சேம்பர், பேரல் ரெண்டையும் வெள்ளையா வர்ற வரைக்கும் துடைங்க. டிரில் போட்ட இரும்புத் துகளும் அதோட வந்துடும்.

சாரல்:
முதல் துணி கருப்பாத்தான் வந்துது, ரெண்டு மூணு துகளும் இருந்துது. துடைச்சுக்கிட்டே இருக்கேன்.