டேபிள் 60 டிகிரி திரும்ப மாட்டேங்குது: கியர் வில் நீளக் கணக்கில் எங்கே தப்பு?

வண்ணாரப்பேட்டை ஃபிட்டர்:
ஃப்ளேஞ்ச்சில் சம இடைவெளியில் 6 ஓட்டை போட ஒரு ரோட்டரி ஜிக் (வேலைப்பொருளைப் பிடிச்சுத் திருப்புற டேபிள்). ஓட்டை வட்டம் 150 மி.மீ. டயா. ஹேண்டில் சாஃப்டில் 18 பல் கியர், டேபிள் சாஃப்டில் 48 பல். ரெண்டும் மாட்யூல் (பல் அளவைச் சொல்ற எண்) 2, நேர் பல்.

வெர்னியர் வச்சா பெரிய கியர் 100 மி.மீ., சின்னது 40. டேபிளுக்கு 60 டிகிரி, அதாவது 1.0472 ரேடியன். 50 × 1.0472 = 52.36 மி.மீ. வில். அதை 20ஆல் வகுத்தா 2.618 ரேடியன், 150 டிகிரி. டயலில் 150, 150ஆ ஆறு தடவை திருப்பினா டேபிள் முதல் ஓட்டைக்கு வந்து சேரலை. பெரிய கியரில் எண்ணிப் பார்த்தா சரியா 3 பல் பாக்கி. கீ (கியரைச் சாஃப்டோட பூட்டுற கட்டை) லூஸா இருக்குமா அண்ணே?

திருவொற்றியூர் டூல்ரூம்:
கீ லூஸா இருந்தா பாக்கி ஒரு தடவை 2 பல், இன்னொரு தடவை 4 பல்னு மாறும். உங்களுக்குச் சரியா 3 நிற்குது. அது கணக்குத் தப்புதான் தம்பி.

நீங்க எடுத்தது வெளி டயா. பல்லோட நுனி ஒண்ணு மேல ஒண்ணு உருளாது. ரெண்டு கியருக்கும் சமமான வில் பிட்ச் வட்டத்தில்தான் (ரெண்டு கியரும் வழுக்காம உருளுற மாதிரி கணக்கு வைக்கிற வட்டம்) இருக்கு. பிட்ச் டயா = மாட்யூல் × பல். உங்களுக்கு 96, 36. ஆரம் 48, 18.

48 × 1.0472 = 50.27 மி.மீ.
50.27 ÷ 18 = 2.793 ரேடியன் = 160 டிகிரி.

வெளி டயாவில் ரெண்டு கியருக்கும் ஒரே 4 மி.மீ. கூடுது. 36க்கு 4 பெரிய பங்கு, 96க்கு 4 சின்னப் பங்கு. அதனால விகிதம் 2.667க்குப் பதிலா 2.5 ஆயிடுச்சு. 150 டிகிரியில் சின்னக் கியர் ஏழரை பல்தான் தள்ளும், வேண்டியது 8. ஒவ்வொரு தடவையும் அரைப் பல் குறைஞ்சா ஆறு தடவைக்கு 3 பல். உங்க பாக்கி அதுதான்.

வியாசர்பாடி டிப்ளமோ:
பல் எண்ணிக்கையிலேயே சரிபார்க்கலாம். 48இல் 60 டிகிரி = 8 பல். 8 ÷ 18 × 360 = 160. வில்லும் அதேதான்: ஒரு பல்லுக்கு π × 2 = 6.283, எட்டுக்கு 50.27.

டிகிரியை அப்படியே ஆரத்தோட பெருக்கிடாதீங்க. 48 × 60 = 2880 மி.மீ.னு வரும், அந்தக் கியரோட முழுச் சுற்றளவே 301.6தான்.

வண்ணாரப்பேட்டை ஃபிட்டர்:
புரிஞ்சுது, நன்றி. ஹேண்டில் டேபிளுக்கு ரொம்பக் கிட்ட இருக்கு, கை இடிக்குது. நடுவில் 24 பல் ஐட்லர் (இடைக் கியர்) வச்சா 160 மாறுமா?

திருவொற்றியூர் டூல்ரூம்:
மாறாது. அதே 50.27 மி.மீ. ஐட்லர் வழியாக் கடந்து போகும். ஐட்லர் 120 டிகிரி திரும்பும், டேபிள் அதே 60. திசைதான் மாறும்: இப்போ ஹேண்டிலும் டேபிளும் எதிரெதிர், ஐட்லர் வந்தா ஒரே பக்கம். மூணும் ஒரே கோட்டில் இருக்கணும்னு இல்லை. சென்டர் தூரம் 18–24க்கு 42 மி.மீ., 24–48க்கு 72 மி.மீ. மட்டும் காப்பாத்துங்க.

ஆனா ஒரே சாஃப்டில் ரெண்டு கியர் போட்டா கணக்கு வேற. அங்கே வில் சமமில்லை, கோணம்தான் சமம். 48 பல் சாஃப்டிலேயே 20 பல் கியரும் இருந்து, அது 40 பல்லை ஓட்டினா, 20உம் அதே 60 டிகிரி திரும்பும்; வில் 20 × 1.0472 = 20.94, அதை 40ஆல் வகுத்தா 0.5236, 30 டிகிரி. 50.27ஐ இங்கே கொண்டு வந்தா விடை தப்பும். நிறைய பேர் இந்த இடத்தில்தான் சறுக்குறாங்க.

எண்ணூர் மெஷின் ஷாப்:
பேக்லாஷை, அதாவது பல்லுக்கு நடுவில் இருக்கிற ஆட்டத்தைக் கவனிங்க. பிட்ச் வட்டத்தில் 0.2 மி.மீ. ஆட்டம் இருந்தா டேபிளில் 0.2 ÷ 48 ரேடியன், சுமார் 0.24 டிகிரி. உங்க ஓட்டை வட்டம் 75 ஆரம், அங்கே அது 0.31 மி.மீ. ஆகும். போல்ட் ஓட்டைக்கு அது சில சமயம் அதிகம். ஐட்லர் வந்தா ரெண்டு இடத்து ஆட்டமும் கூடும். எப்பவும் ஒரே பக்கத்திலிருந்தே டயலுக்கு வாங்க. தாண்டிட்டா நல்லாப் பின்னால போய் மறுபடி வாங்க. டேபிளைக் கிளாம்ப் பண்ணிட்டுத்தான் ட்ரில்.

டயலை ஒவ்வொரு ஓட்டைக்கும் பூஜ்ஜியம் பண்ணாதீங்க, பிசகு சேர்ந்துக்கிட்டே போகும். ஹேண்டிலை ஒரே திசையில் திருப்பி வாசிங்க: 0, 160, 320, 120, 280, 80. அடுத்து 240 வரும்போது டேபிள் முதல் ஓட்டைக்கு வந்திருக்கணும்.

ட்ரில் போடறதுக்கு முன்னாடி ரெண்டு கியரிலும் பெயின்ட் மார்க் போட்டு ஹேண்டிலை 8 முழுச் சுற்று திருப்புங்க. 8 × 18 = 144, 3 × 48 = 144. டேபிள் சரியா 3 சுற்று முடிச்சு ரெண்டு மார்க்கும் பழைய இடத்துக்கே வரணும். வரலைன்னா கீ, கிரப் ஸ்க்ரூவை (கியரை இறுக்கிப் பிடிக்கிற தலையில்லாத ஸ்க்ரூ) கழட்டிப் பாருங்க.